எக்செல் அனுப்பினால் போதாதா? ஓடர், பெட்டி, லேபல் பற்றிய இழை

கேள்வி: மருதமுனை வாசகர், 2025 மே 11

எங்கட குடும்பத் தொழில் கைத்தறி. சாரமும் சாரியும்தான் நெய்து வந்தோம், இப்ப மேசை விரிப்பும் போடுகிறோம். ஐரோப்பாவில் கடைகள் வைத்திருக்கிற ஒரு பையர் மேசை விரிப்புக்கு ஓடர் தர விருப்பம் என்று வந்தார். விலை பேசி முடிந்த பிறகு நீளமான ஒரு பிடிஎஃப் வருகிறது. ஒவ்வொரு சாமானுக்கும் ஜிடின் என்று ஒரு பார்கோட் எண் வேணுமாம். பெட்டிக்குப் பெட்டி எஸ்எஸ்சிசி லேபல் வேணுமாம். சாமான் போய்ச் சேர முன்னம் டெசாட்வ் அனுப்ப வேணுமாம். எக்செல்லில் பட்டியல் தாறேன் என்றால் ஏலாது என்கிறார்கள். சின்ன ஆட்களை உள்ளே விடாமல் இருக்கக் கட்டின வேலி இது என்பதுதான் என் எண்ணம். காமென்ட்ஸில், அதுதான் உடுப்புத் தைக்கிற ஆலையில், வேலை செய்த யாராவது இருந்தால் சொல்லுங்க.

2025 மே 11, இரவு

பாதி வேலிதான், மருதமுனை நானா. மற்றப் பாதியைச் சொல்கிறேன்.

நான் மட்டக்களப்புப் பக்கம் ஒரு காமென்ட்ஸில் பாக்கிங் மேசையில் தொடங்கி ஷிப்பிங் பிரிவு வரைக்கும் இருந்தவள். எக்செல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை உட்கார்ந்து வாசிக்க ஒரு ஆள் வேணும். "எண்ணிக்கை 480" என்று நீங்கள் எழுதினால் எனக்கு விளங்கும், ஏனென்றால் சந்தேகம் வந்தால் உங்களுக்குக் கோல் எடுத்துக் கேட்பேன். ஓடர் பண்ணின 480 ஆ, அனுப்பின 480 ஆ என்று. பையரின் களஞ்சியத்துக்கு நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து பட்டியல் வருகிறது. ஒருத்தர் நிறத்தை முதலில் எழுதுவார், இன்னொருத்தர் அளவை. ஒருத்தருக்கு 03/04 என்றால் ஏப்ரல் 3, இன்னொருத்தருக்கு மார்ச் 4. அங்கே கோல் எடுத்துக் கேட்க ஆள் இல்லை. மெஷின்தான் வாசிக்கிறது.

எடிஃபாக்ட் என்று அந்தப் பிடிஎஃபில் எழுதியிருக்கும் பாருங்கள், அது ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் உருவான வடிவம். அதன் எழுத்து விதிகள் 1987இல் ஐஎஸ்ஓ 9735 என்று ஏற்கப்பட்டன. உள்ளே ஒரு வரி இப்படிப் போகும்: க்யூடிஒய் என்று மூன்று எழுத்து, ஒரு கூட்டல் குறி, 12, முக்காற்புள்ளி, 480, முக்காற்புள்ளி, பிசிஇ, கடைசியில் ஒற்றை மேற்கோள். அந்த 12க்கு "அனுப்பிய எண்ணிக்கை" என்று அர்த்தம். 21 என்றால் ஓடர் பண்ணின எண்ணிக்கை. பிசிஇ என்றால் தனித்தனித் துண்டு. திகதிக்குப் பின்னால் 102 என்று போட்டால் ஆண்டு நான்கு இலக்கம், பிறகு மாதம், பிறகு நாள், வேறு மாதிரி வாசிக்க ஏலாது. உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் சந்தேகம் வரக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குறி வைத்திருக்கிறார்கள். அவ்வளவும்தான் எடிஃபாக்ட்.

மூன்று செய்திகள்தான் உங்களுக்கு முக்கியம். அவர்கள் ஓடர் அனுப்புவது ஓர்டர்ஸ். நீங்கள் "இந்தப் பெட்டிகளில் இது இது வருகுது" என்று முன்கூட்டிச் சொல்வது டெசாட்வ். பில் அனுப்புவது இன்வொயிக். அமெரிக்கப் பையராக இருந்தால் எக்ஸ்12 என்பார்கள். அதில் இதே மூன்றும் 850, 856, 810 என்று எண்ணாக வரும்.

2025 மே 12

டசினில் கணக்குப் போட்டால் பிழை வருமா என்று கேட்ட தம்பிக்கு: ஓம், அதுதான் அடிக்கடி கடிக்கிற இடம். நாங்கள் ஒரு தரம் 40 டசின் அனுப்பினோம். பெட்டிகள் சரி, பில் சரி. செய்தியில் அலகு மட்டும் துண்டு என்று போய்விட்டது. அங்கே 40 துண்டு வரும் என்று காத்திருக்கிற மெஷினுக்கு முன்னால் 480 வந்து நின்றால் என்ன செய்யும்? முழுவதையும் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டது. சாமான் அங்கே கிடக்க, நாங்கள் இங்கே மின்னஞ்சலில் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

2025 மே 15

இதை எழுத வேணும் என்று கனநாளாக மனதில் கிடந்தது. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாக்கிங் மேசைக்குச் சட்டை அயன் பண்ணி, மடித்து, பொலித்தீன் உறைக்குள் வரும். ஒவ்வொன்றிலும் விலைத்துண்டு, அதில் பார்கோட். பிள்ளை இடது கையால் சட்டையை எடுப்பாள், வலது கையில் ஸ்கேனர். கீச் என்று சத்தம் வந்தால் பெட்டிக்குள் வைப்பாள். பெட்டி நிறைந்ததும் பக்கத்திலிருக்கிற பிரின்டர் ஒரு லேபலைத் துப்பும். அதில் அடைப்புக்குறிக்குள் 00, பிறகு 18 இலக்கம். அதுதான் எஸ்எஸ்சிசி, அந்தப் பெட்டியின் சொந்த எண். உலகத்தில் அந்த நேரம் வேறு எந்தப் பெட்டிக்கும் அந்த எண் இருக்கக்கூடாது, ஒருமுறை பாவித்த எண்ணை ஒரு வருடத்துக்காவது திரும்ப எடுக்கக்கூடாது என்பது விதி.

லேபல் ஒட்டின அந்த நிமிஷம் கொம்பியூட்டருக்குத் தெரியும்: இந்தப் பெட்டிக்குள் நடுத்தர அளவு எட்டு, பெரியது பத்து, அதிலும் பெரியது ஆறு. டெசாட்வ் இதைத்தான் சுமந்துகொண்டு போகிறது. லொறி இரவு வாழைச்சேனை தாண்டி, பொலன்னறுவை தாண்டிக் கொழும்புக்குப் போய், கப்பலேறிக் கிழமைக்கணக்கில் போகும். செய்தி அதற்கு எவ்வளவோ முன்னம் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே களஞ்சியத்தில் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். லேபலை ஒரு தரம் ஸ்கேன் பண்ணினால், உள்ளே 24 சட்டை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு நேரே கடைக்கு அனுப்புவார்கள்.

அப்படியென்றால் யார் சொன்னதை நம்பி? மேசையில் நின்ற அந்தப் பிள்ளை சொன்னதை நம்பி. நடுவில் இருக்கிற சேர்வர், கப்பல், சுங்கம் எல்லாம் அவள் சொன்னதைக் காவிக்கொண்டு போகிறவைதான்.

இப்ப அவளின் பக்கம் பாருங்கள். மணித்தியாலத்துக்கு இத்தனை பெட்டி என்று கணக்கு. சுவரில் பலகை. பின்னால் சூப்பர்வைசர். சில விலைத்துண்டுகளில் கோடு மங்கல், மூன்று நான்கு தரம் பிடித்தாலும் கீச் வராது. அப்ப என்ன செய்வாள்? நல்லாய் வாசிக்கிற ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஸ்கேன் பண்ணுவாள். கொம்பியூட்டரில் 24 சரி. பெட்டிக்குள்ளும் 24 சரி. அளவுதான் கலந்து போயிருக்கும். கடையில் சாமானைத் தட்டில் அடுக்குகிற நேரம் வரைக்கும் அது ஒருத்தருக்கும் தெரியாது.

எங்கட இடத்தில் அது நடந்தது. பையர் ஒரு தொகையைப் பில்லில் கழித்தார், சார்ஜ்பேக் என்பார்கள். விசாரணை வைத்தார்கள். அந்த மேசைப் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி ஏசினார்கள். ஏன் கோடு மங்கல் என்று யாரும் கேட்கவில்லை. லேபல் பிரின்டருக்குப் போடுகிற கறுப்பு நாடாவை மிச்சம் பிடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கட்டளை, கோடு மங்கினது அதனால்தான். லட்சக்கணக்கில் சொஃப்ட்வெயார் வாங்கின இடத்தில் நாடாவுக்குக் காசில்லை.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று. அந்த 18 இலக்கம் எங்கே போகிறது, யார் அதை நம்பியிருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் ஒரு நாளும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் போதும் சொல்ல. பிறகு நான் ஷிப்பிங்குக்கு வந்ததும் புதிதாய் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சொன்னேன். படம் கீறிக் காட்டினேன். ஸ்கேன் ஆகாத சட்டையைப் போட ஒரு சிவப்புக் கூடை வைத்தோம், அது கணக்கில் பிடிக்காது என்று சூப்பர்வைசரிடம் சண்டை பிடித்து எழுத்தில் வாங்கினேன். கூடை நிறையத் தொடங்கின பிறகுதான் நாடா வந்தது.

2025 மே 16

நேற்றைய குறிப்புக்குக் கீழே ஒருத்தர், "பார்கோட் எண்ணின் கடைசி இலக்கம் சோதனை இலக்கம்தானே, பிழை என்றால் மெஷின் பிடித்துவிடும்" என்கிறார். எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று பாருங்கள்.

மாதிரிக்கு ஒரு ஜிடின், முதல் 12 இலக்கம்: 479123456789. இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் 129 வரும். அடுத்த பத்துக்கு 1 தேவை, ஆகவே 13ஆவது இலக்கம் 1. ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தால் கட்டாயம் பிடிபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தால் பெரும்பாலும் பிடிபடும். ஆனால் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் 5 என்றால் பிடிபடாது. 16ஐ 61 என்று, 27ஐ 72 என்று, 49ஐ 94 என்று அடித்துப் பாருங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் மாறாது. அதனால்தான் கையால் அடிக்க விடாமல் ஸ்கேன் பண்ணச் சொல்கிறது.

சரியான சட்டையின் எண்ணைப் பிழையான சட்டைக்குப் போட்டால் எந்தச் சோதனை இலக்கமும் உதவாது. மேசை விஷயம் அதுதான்.

2025 மே 24

பார்கோட் எண் 479 என்று தொடங்கினால் இலங்கையில் செய்தது என்று வட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அதைக் கொண்டுவந்து இங்கேயும் போட்டிருக்கிறார்கள். 479 என்றால் அந்த எண்ணை எடுத்த கம்பனி, பார்கோட் எண்களை வழங்குகிற ஜிஎஸ்1 அமைப்பின் இலங்கைக் கிளையில் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். சாமான் வேறு நாட்டில் செய்ததாகவும் இருக்கலாம். மறுவளமாக, மட்டக்களப்பில் தைத்த சட்டையில் பையரின் நாட்டு எண்தான் இருக்கும், ஏனென்றால் பிராண்ட் அவர்களுடையது. எங்கட கையால் போன லட்சக்கணக்கான சட்டையில் ஒன்றிலும் 479 இருந்ததை நான் காணவில்லை.

இதனால்தான் மருதமுனை நானாவிடம் நான் ஒன்று கேட்க நினைத்தேன். விரிப்பு உங்கட பெயரில் போகிறதா, அவர்கட பெயரிலா? அவர்கட பெயர் என்றால் ஜிடின் அவர்கள் தருவார்கள், நீங்கள் ஒட்டினால் போதும். உங்கட பெயர் என்றால் நீங்கள் பதிய வேணும்.

2025 ஜூன் 8

அந்தோனியார், செபஸ்தியார், மைக்கேல் என்று புனிதர்களின் பெயரில் மட்டக்களப்பில் எத்தனை வீதி, எத்தனை பள்ளிக்கூடம். ஆங்கிலத்தில் விலாசம் எழுதினால் "செயின்ட் செபஸ்தியன்" என்பதற்குப் பின்னால் மேலே ஒரு சின்னக் குறி வரும், உடைமையைக் காட்ட. எடிஃபாக்டில் அதே சின்னக் குறிதான் வரி முடிவு. விலாசத்தை அப்படியே போட்டால் "செபஸ்தியன்" என்ற இடத்திலேயே வரி முடிந்துவிட்டது என்று மெஷின் நினைத்து, மிச்சத்தை "எஸ் வீதி" என்ற புது வரியாக எடுத்துக் குழம்பும். முழுச் செய்தியும் திரும்பி வரும்.

தீர்வு சின்னது: குறிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட வேணும். "அடுத்து வருவது வெறும் எழுத்து" என்று அதற்கு அர்த்தம். நல்ல சொஃப்ட்வெயார் தானாகவே போடும். எங்கட சப்ளையர் ஒருத்தருக்குப் போடவில்லை. அவருடைய செய்தி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப விழுகிறது என்று ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் நான் வரி வரியாக அச்சடித்து பேனையால் கோடு போட்டு வாசித்துத்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

சிலர் இன்னும் யுஎன்ஓஏ என்ற பழைய எழுத்துத் தொகுதியைப் பாவிக்கிறார்கள், அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான். தமிழில் விலாசம் போட நினைப்பவர்கள் அங்கே போகவே வேண்டாம்.

2025 ஜூன் 9

"இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது" என்று கேட்ட தங்கச்சிக்கு. எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க இராணுவக்காரரின் பெயரைத்தான் சொல்வார்கள். 1948இல் பெர்லினுக்குத் தரைவழி அடைபட்டு, ஆகாய வழியாகச் சாப்பாடும் நிலக்கரியும் கொண்டுபோன காலம். ஒவ்வொரு விமானத்தோடும் ஒவ்வொரு வடிவத்தில், ஒவ்வொரு மொழியில் பட்டியல். டெலெக்ஸிலும் போனிலும் ஒரே மாதிரிச் சொல்லக்கூடிய ஒரு பட்டியல் வடிவத்தை அவரும் கூட்டாளிகளும் உருவாக்கினார்கள். பிறகு 1968இல் அமெரிக்காவில் போக்குவரத்துக் கம்பனிகள் சேர்ந்து இதற்கென்றே ஒரு குழு அமைத்தன. எக்ஸ்12 அந்த வழியில் வந்தது.

பசிக்கிற ஊருக்குச் சாப்பாடு போகத் தொடங்கின வேலை இது. சுனாமிக்குப் பிறகு எங்கட பக்கம் வந்த நிவாரணப் பெட்டிகளை யோசித்துப் பார்க்கிறேன். எந்தப் பெட்டியில் மருந்து, எதில் உடுப்பு என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

2025 ஜூலை 20

வேலி விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். முதல் நாள் "பாதி வேலி" என்று எழுதினேன். யோசிக்க யோசிக்க, வேலி இருக்கிறது, ஆனால் நாங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

எடிஃபாக்ட் பொதுச் சொத்து. யாரும் எடுத்து வாசிக்கலாம், காசில்லை. முந்தி செய்தி அனுப்ப நடுவில் ஒரு வலையமைப்புக் கம்பனிக்குக் காசு கட்ட வேணும், எழுத்து எண்ணிக்கைக்குக் கூட விலை போட்டார்கள். பிறகு ஏஎஸ்2 வந்தது, இணையத்தாலேயே பூட்டுப் போட்டு அனுப்பலாம், போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்திட்ட ரசீதும் திரும்பி வரும். 2002இல் வோல்மார்ட் தன் சப்ளையர்களை அதற்கு மாறச் சொன்ன பிறகு அது பரவியது. ஆகவே அனுப்புகிற செலவு இப்ப பெரிய மலை இல்லை.

மலை வேறு. ஒரே ஓர்டர்ஸ் செய்தியைப் பையருக்குப் பையர் தன் விருப்பத்துக்கு வளைத்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் நிறத்தை ஒரு வரியில் கேட்பார், அடுத்தவர் இன்னொரு வரியில். 1996ஆம் ஆண்டுப் பதிப்பை இன்னும் பாவிக்கிற ஆட்கள் நிறைய, அவர்களுக்கு நடுவிலேயே ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகாது. ஒவ்வொரு பையருக்கும் ஒரு வழிகாட்டிப் புத்தகம். அதை வாசித்து இணைத்துக் கொடுக்கிற ஆளுக்குத்தான் உங்கட காசு போகும்.

சின்ன ஆட்களுக்கு என்று ஒரு இணையப் பக்கம் தருவார்கள், "இலவசம், இதில் வந்து அடியுங்கள்" என்று. அங்கேதான் வேலி கட்டியிருக்கிறது. மூன்று பையர் என்றால் மூன்று பக்கம், மூன்று கடவுச்சொல், ஒரே விபரத்தை மூன்று விதமாகக் கையால் அடிக்க வேணும். கையால் அடித்தால் 16, 61 ஆகும். பிழை வந்தால் சார்ஜ்பேக். அவர்களின் மெஷினுக்கு வேலை மிச்சம், அந்த மிச்சம் முழுவதும் இங்கே ஒரு பிள்ளையின் இரவு நேரமாக மாறியிருக்கிறது. இதைப் பையரோடு விலை பேசும்போதே பேச வேணும். "உங்கட பக்கத்தில் அடிக்கிற வேலைக்கு ஒரு பெட்டிக்கு இவ்வளவு" என்று விலைக்குள் போடச் சொல்லி நான் இரண்டு சின்ன இடங்களுக்குச் சொன்னேன். ஒருத்தர் கேட்டு வாங்கினார். மற்றவர் கேட்கப் பயந்தார்.

2025 ஜூலை 21

சம்மாந்துறையிலிருந்து கேட்டவருக்கு: அரிசி ஆலைக்கு இடிஐ, அதாவது இப்படி மெஷினுக்கு மெஷின் செய்தி அனுப்புகிற முறை, வேணுமா என்றால் இப்போதைக்கு இல்லை. ஆனால் மூடை என்ற பேச்சை நிறுத்துங்கள். ஒரு மூடை எத்தனை கிலோ என்பது ஆளுக்கு ஆள் மாறும், வட்டையில் நெல் அறுக்கிற நேரம் வருகிற சண்டையில் பாதி அதுதான். சர்வதேசக் குறிகளில் பை என்பது பொதி வகை, கிலோ என்பது அளவு, இரண்டும் வேறு வேறு இடத்தில் எழுதப்படும். உங்கட ரசீதிலும் அப்படி எழுதுங்கள்: பை இத்தனை, கிலோ இத்தனை. கொம்பியூட்டர் இல்லாமலே செய்யலாம்.

2025 ஆகஸ்ட் 17

வாவிக்கரையில் நண்டு வாங்கி விற்கிற ஒருத்தரோடு நேற்று கதைத்தேன். உயிர் நண்டு, காலைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு, பெட்டியில் கட்டுநாயக்கவுக்குப் போய் சிங்கப்பூருக்குப் பறக்கிறது. அவருடைய கவலை நிறை. வாவிக்கரையில் நிறுத்தால் ஒரு கணக்கு, விமான நிலையத்தில் குறைவு, அங்கே போனால் இன்னும் குறைவு. தண்ணீர் வடிகிறது, சிலது செத்தும் போகிறது. ஒவ்வொருத்தரும் மற்றவரைக் கள்ளன் என்கிறார்கள்.

மூன்று நிறையும் உண்மையாக இருக்கலாம். எந்த நேரம், எந்த இடம், என்ன வேலையில் நிறுத்தது என்பது அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு போகவில்லை, அதுதான் குறை. இதற்கென்று ஈபிசிஐஎஸ் என்று ஒரு தர விதி இருக்கிறது. முதற்பதிப்பு 2007, இரண்டாம் பதிப்பு 2022. ஒரு சாமானுக்கு நடந்த ஒவ்வொரு சம்பவத்தையும் என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற நான்கு விபரத்தோடு பதியச் சொல்கிறது. பெட்டிக்குள் போட்டால் ஒரு வகைச் சம்பவம். நண்டை அவித்துச் சதை எடுத்து டின்னில் அடைத்தால் வேறு வகை, ஏனென்றால் உள்ளே போன சாமான் மறைந்து புதுச் சாமான் பிறக்கிறது. 2022 பதிப்பில் வெப்பநிலை மாதிரி உணரிக் கணக்கையும் சேர்க்கலாம். பெட்டி எந்த இடத்தில் சூடானது என்று அப்போது தெரியும், யார் கள்ளன் என்று அல்ல, எங்கே ஐஸ் போதவில்லை என்று கதைக்கலாம்.

அவருக்கு நான் ஈபிசிஐஎஸ் வாங்கச் சொல்லவில்லை. கொப்பியில் மூன்று நிரல் கூடப் போடச் சொன்னேன்: நிறுத்த நேரம், இடம், தராசு யாருடையது. ஒரு மாதம் எழுதிப் பார்க்கிறேன் என்றார்.

2025 ஆகஸ்ட் 18

நண்டுக் குறிப்புக்குக் கீழே சுங்க எண் பற்றி நிறையக் கேள்வி. எச்எஸ் என்ற அந்தச் சுங்க எண்ணும் ஜிடினும் ஒன்றல்ல. எச்எஸ் உலகச் சுங்க அமைப்பினுடையது, 1988இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அது சாமானின் இனத்தைச் சொல்லும். பருத்தி நூலில் தறியில் நெய்த மேசை விரிப்பு என்றால் 630251, யார் நெய்தாலும் அதுதான். ஜிடின் யாருடைய எந்த விரிப்பு, என்ன நிறம், என்ன அளவு என்று சொல்லும். எங்கட சுங்கம் பாவிக்கிற அசிக்குடா வேர்ல்ட் என்ற கொம்பியூட்டர் முறை, ஐநாவின் அன்க்டாட் அமைப்பு செய்து கொடுத்தது. அங்கே கேட்பது எச்எஸ்.

2025 செப்டம்பர் 28

ஐரோப்பாவின் டிஜிட்டல் பாஸ்போட் பற்றி இரண்டு மூன்று பேர் பயந்து எழுதியிருக்கிறார்கள். விபரம் இது: 2024 ஜூலை 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு புதுச் சட்டம் அமுலில் இருக்கிறது, சாமான்கள் நீடித்துழைக்க வேணும், சூழலுக்குக் கேடு குறைய வேணும் என்பதற்காக. அதன் கீழ் ஒவ்வொரு வகைச் சாமானுக்கும் தனித்தனி விதி வரும். முதலில் கை வைக்கப்போகிற வகைகளில் துணியும் உடுப்பும் இருக்கின்றன. க்யூஆர் மாதிரி ஒரு குறியை ஸ்கேன் பண்ணினால் அந்தச் சாமானின் வரலாறு வரவேணும், அதைத்தான் பாஸ்போட் என்கிறார்கள்.

கைத்தறிக்கு இது வாய்ப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரிய ஆலைத் துணிக்கு நூல் எங்கே, சாயம் எங்கே, நெய்தது எங்கே என்று தேடிப் பிடிக்கவே பெரும்பாடு. மருதமுனையில் நூல் வாங்கின கடை தெரியும், சாயம் போட்ட வீடு தெரியும், எந்தத் தறியில் யார் இருந்தது என்றும் தெரியும். தெரிந்ததை எழுதி வைக்கிற பழக்கம் மட்டும்தான் இல்லை.

எனக்குப் பயம் வேறொன்றில். இந்த விபரம் அவ்வளவையும் யார் அடிக்கப் போகிறார்கள்? இன்னொரு இணையப் பக்கம், இன்னொரு கடவுச்சொல், அதே பிள்ளை, அதே சம்பளம். மே மாதம் எழுதின மேசைக் கதை இன்னும் பெரிய அளவில் நடக்கும். விபரம் கேட்கிறவன் அதற்கான நேரத்துக்கும் விலை தரவேணும் என்று எங்கட ஆட்கள் இப்போதே கதைக்கத் தொடங்க வேணும், விதி எழுதி முடிந்த பிறகு கேட்டு ஒன்றும் வராது.

2025 ஒக்டோபர் 5

மருதமுனை நானா திரும்ப வந்திருக்கிறார், நல்ல செய்தியோடு. விரிப்பு அவருடைய பெயரிலேயே போகிறது, 479இல் பதிந்துவிட்டார். மூன்று அளவு, ஐந்து நிறம். எத்தனை ஜிடின் என்று கேட்கிறார்.

பதினைந்து. அளவு மாறினாலும் வேறு எண், நிறம் மாறினாலும் வேறு எண். ஒரு எண்ணை ஒரு விரிப்புக்குக் கொடுத்த பிறகு, அந்த விரிப்பை நிறுத்திவிட்டாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

சாயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தத் தரம் போட்ட சிவப்பும் அடுத்த தரம் போடுகிற சிவப்பும் கொஞ்சம் வித்தியாசப்படும், கைத்தறியில் அது இயல்பு. அதற்குப் புது ஜிடின் எடுக்க வேண்டாம். தொகுதி எண் என்று ஒன்று உண்டு, லேபலில் அடைப்புக்குறிக்குள் 10 போட்டு எழுதுவது. ஒவ்வொரு சாயத் தொட்டிக்கும் ஒரு தொகுதி எண் கொடுங்கள். ஒரே வீட்டுக்கு ஆறு விரிப்பு வாங்குகிற ஆளுக்கு ஒரே தொட்டியில் தோய்ந்த ஆறும் போகும்.

2025 ஒக்டோபர் 19

அனுப்பின லேபல் படம் பார்த்தேன். எண் சரி, நானும் ஒருக்காக் கூட்டிப் பார்த்தேன். ஒட்டின இடம்தான் சரியில்லை. பெட்டியின் மூலையில் மடிந்து பாதி ஒரு பக்கம், பாதி மறு பக்கம் நிற்கிறது, ஸ்கேனர் வாசிக்காது. கோடுகள் பெட்டியின் அடியிலிருந்து 32 மில்லிமீட்டர் மேலேயும் பக்க ஓரத்திலிருந்து 19 மில்லிமீட்டர் உள்ளேயும் தொடங்க வேணும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கிடக்கிற வெள்ளை இடத்தை வெட்டி விடாதீர்கள், அதுவும் குறியின் ஒரு பகுதி. பெட்டி மூடுகிற டேப் லேபலுக்கு மேலால் போகக்கூடாது, மினுங்கினால் வாசிக்காது.

தொழுகை முடிந்து மகள்தான் ஒட்டுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த இழையை அவளுக்கும் வாசிக்கக் கொடுங்கள், மே 15ஆம் திகதிக் குறிப்பைக் கட்டாயம். சிவப்புக் கூடை ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.